பேய் நடைகளில் சொல்லப்படுவது சென்னையின் வரலாறா?

"கல்லூரியில் படிக்கும் என் தங்கை, சென்னையில் பேய் உலவுவதாகச் சொல்லப்படும் இடங்களை இரவில் சுற்றிக்காட்டும் நடை ஒன்றுக்குத் தோழிகளோடு பணம் கட்டியிருக்கிறாள். அங்கே சொல்கிற வரலாறு உண்மைதானா? பேயை நம்பாதவர்கள் வெறும் பொழுதுபோக்காகப் போய்வந்தால் அதில் என்ன தவறு?" என்று கேட்டிருக்கிறீர்கள். பதினெட்டு ஆண்டுகளாக ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஜார்ஜ் டவுனிலும் மயிலாப்பூரிலும் கோட்டைப் பகுதியிலும் ஆர்வலர்களை அழைத்துக்கொண்டு நடப்பவன் என்ற முறையில், எனக்குத் தெரிந்ததை விரிவாகவே சொல்கிறேன்.

முதல் கேள்விக்கு விடை சுருக்கமானது. அங்கே சொல்லப்படுவதில் பெரும்பகுதி வரலாறு அன்று. இடத்தின் பெயரும் கட்டடத்தின் பழமையும் உண்மையாக இருக்கும். அவற்றின்மேல் ஏற்றிச் சொல்லப்படும் கொலைக்கும் சாபத்துக்கும் நள்ளிரவு ஓலத்துக்கும் எந்தப் பதிவேட்டிலும் ஆதாரம் இருக்காது. இரண்டாவது கேள்விக்குத்தான் நேரம் எடுத்துப் பதில் சொல்ல வேண்டும். ஏனென்றால் பேய் உண்டா இல்லையா என்பதைவிட, அந்தப் பேய்க்கதை எந்த மனிதருடைய இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது என்பதுதான் எனக்குப் பெரிய கவலை.

ஆழ்வார்பேட்டை டிமான்டி காலனியை எடுத்துக்கொள்வோம். கொடூரமான ஒரு வெள்ளைக்காரப் பிரபு, அவனால் அழிந்த குடும்பம், தானாகத் திறக்கும் கதவுகள் என்று அங்கே ஒரு கதை சொல்லப்படுகிறது. ஜான் டி மான்டி உண்மையில் வாழ்ந்தவர். போர்த்துக்கீசிய வம்சாவளியைச் சேர்ந்த வணிகர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதராஸின் பெருஞ்செல்வர்களில் ஒருவர். கோவளத்தில் இன்றும் வழிபாடு நடக்கும் கார்மேல் மாதா தேவாலயத்தை 1808இல் கட்டியவர். 1821இல் இறந்தபோது தம் சொத்துகளைத் திருச்சபையின் அறப்பணிகளுக்கு எழுதிவைத்தவர். அவரைப் புனிதர் என்று நான் சொல்ல வரவில்லை. கம்பெனிக் காலத்து வணிகர் ஒருவரின் செல்வம் எப்படிச் சேர்ந்தது என்பது தனியாகக் கேட்க வேண்டிய கேள்வி. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு முதலில் அவர் மனிதராக இருக்க வேண்டும். 2015இல் அந்தக் காலனியின் பெயரிலேயே ஒரு திகில் படம் வந்தது. படம் கற்பனை செய்யலாம், அது அதன் வேலை. அந்தக் கற்பனையையே "இங்கே உண்மையில் நடந்தது" என்று தெருமுனையில் நின்று பணம் வாங்கிக்கொண்டு சொல்வதுதான் பிழை. அங்கே வீடுகள் பூட்டிக் கிடந்ததைச் சான்றாகக் காட்டுவார்கள். சென்னையில் வீடுகள் பூட்டிக் கிடப்பதற்குப் பாகப்பிரிவினை வழக்கு, குத்தகைத் தகராறு, இடித்துக் கட்டக் காத்திருக்கும் உடன்படிக்கை என்று ஆயிரம் காரணங்கள் உண்டு என்பது வாடகைக்கு வீடு தேடிய எவருக்கும் தெரியும்.

ஒரு கதை ஓர் இடத்துக்கு உரியதா என்று பார்க்க நான் கையாளும் வழி ஒன்று உண்டு. அந்தக் கதையை அப்படியே பெயர்த்து வேறோர் இடத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு சொல்லையும் மாற்றாமல் அது அங்கேயும் பொருந்தினால், அது இரண்டு இடங்களின் வரலாறும் அன்று. வெள்ளைச் சேலை உடுத்திய பெண் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டியை மறிக்கிறாள். அதே பெண் மேம்பாலத்தில் நிற்கிறாள். அதே பெண் அடையாறு முகத்துவாரத்தின் உடைந்த பாலத்திலும் அழுகிறாள். அவளுக்குப் பெயர் இல்லை, ஊர் இல்லை, இறந்த ஆண்டு இல்லை, பெற்றவர் இல்லை.

உடைந்த பாலத்துக்கு அவள் தேவையே இல்லை. 1967இல் மீனவர்கள் ஆற்றைக் கடந்து அக்கரைக்குப் போய்வருவதற்காகக் கட்டப்பட்ட பாலம் அது. பத்தே ஆண்டில், 1977இல், நீரின் வேகத்தில் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. பிறகு யாரும் அதைச் சரிசெய்யவில்லை. ஊரூர் குப்பத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவரிடம் சில ஆண்டுகளுக்கு முன்பு இதைப் பற்றிக் கேட்டேன். விரல்களில் நைலான் இழை சிக்கியிருக்க, கண்ணைத் தூக்காமலே பேசினார். சிறுமியாக இருந்தபோது தன் அம்மாவின் பின்னால் மீன் கூடையோடு அந்தப் பாலத்தில் நடந்து பட்டினப்பாக்கம் பக்கம் போன நினைவு அவருக்கு இருந்தது. பாலம் விழுந்த பிறகு அடையாறு பாலம் வழியாகச் சுற்ற வேண்டியதாயிற்று, வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேராவிட்டால் மீன் விலை போகாது என்றார். பேயைப் பற்றிக் கேட்டதும்தான் நிமிர்ந்தார். "ராத்திரி ரெண்டு மணிக்கு கட்டுமரத்த தள்ளிக்கினு கடலுக்குப் போறவங்க நாங்க. எங்க கண்ணுல படாத பேயி, கார்ல வர்ற பசங்க கண்ணுல மட்டும் எப்படிபா படுது?" என்றார். மீனவக் குடும்பங்கள் நடப்பதற்காகக் கட்டிய ஒரு பாலம் பத்தாண்டுக்கு மேல் நிலைக்காமல் போனதும், ஏறத்தாழ அரை நூற்றாண்டாகியும் அதற்கு மாற்று வராததும்தான் அந்த இடத்தின் கதை. பேய் வந்ததும் அந்தக் கேள்வி மறைந்துவிடுகிறது.

கரிக்காட்டுக் குப்பத்தைப் பற்றி எழுதும்போது என்னால் அமைதியாக எழுத முடிவதில்லை. முட்டுக்காட்டுக்கு அருகே கடலோரத்தில் இருந்த மீனவர் ஊர் அது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுமத்ராவுக்கு அருகே கடலடியில் நிலம் அதிர்ந்தபோது நமக்குக் காலை ஆறரை மணி. இரண்டரை மணி நேரத்துக்குள் அலை நம் கரையில் ஏறிவிட்டது. தமிழ்நாட்டில் சுமார் 8,000 பேர் இறந்தார்கள். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல். சென்னையில் சீனிவாசபுரமும் பட்டினப்பாக்கமும் மெரினாவும் பிணங்களைப் பார்த்தன. கரிக்காட்டுக் குப்பத்து மக்கள் அந்த வீடுகளை விட்டுக் கரையிலிருந்து தள்ளிக் கட்டித்தரப்பட்ட குடியிருப்புகளுக்குப் போனார்கள். விட்டுவந்த வீடுகளின் சுவர்கள் உப்பில் உதிர்ந்து நிற்கின்றன. இப்போது அந்தச் சுவர்களுக்கு நடுவே நள்ளிரவில் கைவிளக்கோடு போய், "சுனாமியில் செத்தவர்களின் ஆவி" என்று படம் எடுத்துப் போடுகிறார்கள். அந்த வீடுகளில் வாழ்ந்தவர்கள் இன்னும் உயிரோடு, நடந்து போகிற தூரத்தில் இருக்கிறார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய், தன் பிள்ளையைப் பேயென்று சொல்லி யாரோ சம்பாதிப்பதைத் தன் பேரனின் கைப்பேசியில் பார்க்க நேரலாம் என்ற எண்ணமே இவர்களுக்கு வரவில்லை. ஒவ்வோராண்டும் அதே நாளில் கடலில் பாலும் பூவும் விடுகிற குடும்பங்கள் இந்தக் கரை முழுக்க உள்ளன. அவர்கள் இறந்தவரைப் பெயர் சொல்லித்தான் அழைக்கிறார்கள்.

புனித ஜார்ஜ் கோட்டையில் நடப்பது இன்னொரு வகை. 1680இல் திறக்கப்பட்ட புனித மேரி தேவாலயத்தின் முற்றத்தில், லத்தீனிலும் போர்த்துக்கீசியத்திலும் ஆங்கிலத்திலும் எழுத்துப் பொறித்த கல்லறைக் கற்களைத் தரையில் வரிசையாகப் பாவியிருப்பதைப் பார்க்கலாம். அந்தக் கற்களின் மேல் நின்றுகொண்டு, "உங்கள் காலுக்குக் கீழே இருப்பவர்கள் இரவில் நடமாடுவார்கள்" என்று ஒரு வழிகாட்டி சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். அந்தக் கற்களுக்குக் கீழே அவற்றுக்குரியவர்கள் யாரும் இல்லை. அவை முதலில் இருந்தது கோட்டைக்கு வெளியே, பிற்காலத்தில் சட்டக் கல்லூரி எழுந்த நிலத்தில் இருந்த பழைய இடுகாட்டில். 1758 டிசம்பரிலிருந்து 1759 பிப்ரவரி வரை லாலியின் தலைமையில் பிரெஞ்சுப் படை கோட்டையை முற்றுகையிட்டபோது, அங்கிருந்த உயரமான சமாதிகள் அவர்களுக்கு மறைவிடமாகப் பயன்பட்டன. மறுமுறை அப்படி நேராதிருக்க, ஆங்கிலேயர்கள் அவற்றை இடித்துக் கற்களை மட்டும் இங்கே கொண்டுவந்தார்கள். ஹைன்மர்ஸ் என்ற கம்பெனி அதிகாரிக்கும், கோட்டையின் ஆளுநராக இருந்த எலிஹு யேலின் மகனுக்கும் உரிய சமாதி உள்ளிட்ட ஓரிரண்டு மட்டுமே பழைய இடத்தில் நின்றன. கல் ஓரிடம், உடல் ஓரிடம். இதைத் தெரிந்துகொள்ள ஒரு நூலைப் புரட்டினால் போதும்.

அதே கோட்டையிலிருந்து 1680களில் கப்பலேற்றி அடிமைகளாக விற்கப்பட்ட நம்மவர்களுக்கு ஒரு கல்கூட இல்லை. அவர்களைப் பற்றி எந்த இரவு நடையிலும் யாரும் பேசி நான் கேட்டதில்லை.

பறக்கும் ரயிலில் சேப்பாக்கத்திலிருந்து திருமயிலைக்குப் போகும்போது கீழே தெரியும் பக்கிங்ஹாம் கால்வாயும் அப்படித்தான். 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சத்தில், கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் இந்தப் பகுதி பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. பஞ்ச நிவாரண வேலைகளுக்கு 1877இல், வைசிராயின் அரசு பஞ்சத்தைப் பார்வையிட அனுப்பிய ரிச்சர்டு டெம்பிள் என்ற அதிகாரி குறைத்து வகுத்த கூலி, ஓர் ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும். அதாவது ஏறத்தாழ 450 கிராம் தானியத்தை உண்டு பகல் முழுதும் மண் சுமக்க வேண்டும். மாகாணத்தின் மருத்துவ அதிகாரிகளே அதை எதிர்த்து எழுதினார்கள். திகில் வேண்டுமென்றால் இதைவிடப் பெரிய திகில் இந்த நகரத்தில் வேறெது? ஆனால் இதில் குற்றவாளிக்கு முகம் உண்டு, பதவி உண்டு, கையெழுத்திட்ட ஆணை உண்டு. பேய்க்கதையில் யாரும் பொறுப்பேற்க வேண்டியதில்லை. விற்பதற்கு அது வசதி.

கருவிகளைப் பற்றியும் உங்கள் தங்கைக்குச் சொல்லிவையுங்கள். ஒரு பழைய மாளிகையில் இளைஞர் ஒருவர் மின்காந்த அலையை அளக்கும் சிறு கருவியைச் சுவரோரமாகப் பிடித்துக்கொண்டிருந்தார். அதில் பச்சையிலிருந்து சிவப்புக்கு விளக்குகள் ஏறின; கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. நான் அருகில் போய்ப் பார்த்தபோது, கருவிக்கு ஒரு சாண் மேலே, சுண்ணாம்பு பூசிய குழாய் ஒன்று சுவிட்ச் பெட்டிக்கு இறங்கிக்கொண்டிருந்தது. கருவியை எதிர்ச்சுவருக்குக் கொண்டுபோகச் சொன்னேன், விளக்குகள் அணைந்தன. அவருடைய கைப்பேசியை அதன் பக்கத்தில் வைத்ததும் மறுபடி எரிந்தன. அந்தக் கருவி தன் வேலையைச் சரியாகவே செய்தது. மின்கம்பி இருக்கும் இடத்தைக் காட்டியது. படங்களில் மிதக்கும் ஒளி உருண்டைகள், பிளாஷ் வெளிச்சம் லென்ஸுக்கு மிக அருகிலுள்ள தூசியிலும் ஈரத்துளியிலும் பட்டுத் திரும்புவதால் வருபவை. 'ஆவியின் குரல்' கேட்கும் பெட்டி, வானொலி அலைவரிசைகளை ஒன்றன்பின் ஒன்றாக வேகமாகத் தாவிக் கேட்கிறது. அதில் அரைச் சொற்கள் விழாமலிருந்தால்தான் வியப்பு. பாழடைந்த கட்டடங்களில் பெண் அலறுவதுபோல் கேட்டால், பெரும்பாலும் அது கூகை. வெள்ளை முகமும் ஓசையில்லாத சிறகும் கொண்ட அந்தப் பறவை பாழ்கட்டடங்களில் தங்கும்.

எதிர்பார்ப்பு என்ன செய்யும் என்பதையும் சோதித்திருக்கிறார்கள். 1997இல் லாங்கே, ஹூரான் என்ற இரு ஆய்வாளர்கள், அமெரிக்காவில் ஒரு கலையரங்குக்கு 22 பேரை அனுப்பினார்கள். ஒரு பகுதியினரிடம் இங்கே பேய் நடமாட்டம் உண்டு என்றும், மற்றவர்களிடம் கட்டடம் புதுப்பிக்கப்படுகிறது என்றும் சொன்னார்கள். பேய் என்று கேள்விப்பட்டுப் போனவர்களுக்குத்தான் விசித்திர அனுபவங்கள் மிகுதியாக நேர்ந்தன. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நம் பாட்டிகள் சொன்னதை அவர்கள் எண்ணிப் பார்த்தார்கள், அவ்வளவுதான். இரவு நடையில் முதல் கால் மணி நேரம் முழுவதும் அந்த அரட்டலை உண்டாக்குவதற்கே செலவாகிறது என்பதைக் கவனித்தால் தெரியும்.

பேய் உண்டென்று அரசாங்கமே ஒத்துக்கொண்டது என்பதும் ஒரு வாதம். ராஜஸ்தானின் பான்கட் கோட்டை வாயிலில் சூரியன் மறைந்தபின் உள்ளே வரக்கூடாது என்று தொல்லியல் துறை வைத்திருக்கும் பலகையை எல்லோரும் படமெடுத்துப் போடுகிறார்கள். காலையில் திறந்து மாலையில் மூடுவது அந்தத் துறையின் பெரும்பாலான சின்னங்களுக்குப் பொதுவான நடைமுறை.

மனநல மருத்துவமனைகளைப் பேய் வீடுகளாக்கும் வழக்கம் வெளிநாடுகளில் வேரூன்றியது; நம் பட்டியல்களிலும் மெல்லத் தலைகாட்டுகிறது. 'கீழ்ப்பாக்கம்' என்ற ஊர்ப்பெயரையே வசைச்சொல்லாக்கி வைத்திருப்பவர்கள் நாம். 1871இலிருந்து அங்கே இயங்கிவரும் மருத்துவமனையில் இன்றும் நோயாளிகள் இருக்கிறார்கள், குணமாகி வீடு திரும்புகிறார்கள். அதன் மதிற்சுவருக்கு வெளியே நின்று திகில் கதை சொல்வதை எந்தப் பொழுதுபோக்குக் கணக்கிலும் நான் சேர்க்க மாட்டேன்.

நான் பேய்க்கதைகளுக்கே எதிரி என்று நீங்கள் நினைத்துவிடக்கூடாது. அமுக்குவான், கொள்ளிவாய்ப் பிசாசு, மோகினி, முனி என்று கேட்டே வளர்ந்தவன் நான். தூக்கத்தில் மனம் விழித்து உடல் விழிக்காத நிலையை அமுக்குவான் என்றும், சதுப்பு நிலத்து வாயு எரிவதாக விளக்கப்படும் வெளிச்சத்தைக் கொள்ளிவாய்ப் பிசாசு என்றும் மக்கள் பெயரிட்டு வைத்திருப்பது எனக்குப் பிடிக்கும். நாட்டார் வழக்காறுகளைத் தொகுப்பவர் ஒரு கதையைக் கேட்டால் யார் சொன்னார், எந்த ஊர், யாரிடம் கேட்டுச் சொன்னார் என்று எழுதிக்கொள்கிறார். அதைவிட முக்கியமானது, அகால மரணத்தை எதிர்கொள்ள நம்மிடமே ஒரு முறை இருந்தது. செங்கம் வட்டாரத்து நடுகற்களைப் பாருங்கள்: எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்த ஊர்ச் சண்டை, மாடு மீட்கப் போய் இறந்தவன் பெயர் என்ன என்பது வரை கல்லில் இருக்கும். கிராமங்களில் கொலையுண்ட பெண்ணை அம்மனாக நிறுத்தி, அவளைக் கொன்ற குடும்பமே ஆண்டுதோறும் படையலிட வேண்டும் என்று வழக்கம் வைத்த ஊர்கள் உண்டு. அங்கே பயம் இருந்தது, ஆனால் அந்தப் பயத்தோடு கடனும் இருந்தது. நுழைவுச்சீட்டு வாங்கிப் பயந்துவிட்டு வீடு திரும்புகிறவருக்கு அந்தக் கடன் இல்லை.

"பேயைச் சொன்னால்தான் இளைஞர்கள் வருகிறார்கள், வந்த பிறகு வரலாற்றைச் சொல்லிக்கொள்ளலாம்" என்று இந்தத் தொழிலில் இருக்கும் ஒரு நண்பர் என்னிடம் வாதாடினார். அவர் நல்லவர், பழைய நூல்களைப் படிப்பவரும்கூட. ஆனால் அவருடைய நடையில் ஆறு மாத இடைவெளியில் இருமுறை கலந்துகொண்டேன். முதன்முறை வரலாறு பாதி, பேய் பாதியாக இருந்தது. இரண்டாம் முறை வரலாறு கால் பங்காகக் குறைந்திருந்தது. வாடிக்கையாளர்கள் எதற்குக் கைதட்டுகிறார்களோ அது வளர்வதும் மற்றது தேய்வதும் எந்த வியாபாரத்திலும் இயல்பு. மறுபுறம், 2004இல் தொடங்கி ஆகஸ்டு மாதத்தில் கொண்டாடப்படும் சென்னை தின நடைகளுக்குப் பேய் இல்லாமலே கூட்டம் வருகிறது.

உங்கள் தங்கையைத் தடுக்க வேண்டாம். பணம் கட்டிவிட்டாள், தோழிகளும் வருகிறார்கள். மூன்று கேள்விகளை மட்டும் கேட்கச் சொல்லுங்கள்: இறந்தவரின் பெயர் என்ன, எந்த ஆண்டு, இது எங்கே எழுதப்பட்டிருக்கிறது? வழிகாட்டியை மடக்கும் தொனியில் வேண்டாம், தெரிந்துகொள்ளும் ஆசையோடு கேட்கட்டும். சிலர் நேர்மையாக "இது செவிவழிக் கதைதான்" என்று ஒப்புக்கொள்வார்கள், அவர்களோடு மேலும் நடக்கலாம். குடியிருப்புகளுக்குள்ளும் கைவிடப்பட்ட வீடுகளுக்குள்ளும் நுழையச் சொன்னால் மட்டும் அவள் வெளியிலேயே நின்றுவிடட்டும். உடைந்த பாலத்துக்கு இரவில் போக வேண்டாம். கால் தவறினால் கீழே முகத்துவாரத்து நீர். விடியற்காலையில் போனால், படகுகள் கரைக்குத் திரும்பும் நேரத்தில், அந்தப் பாலத்தில் நடந்த நினைவுள்ளவர்கள் இன்னும் சிலர் ஊரூர் குப்பத்து மணலில் உட்கார்ந்திருப்பார்கள்.